ஜெபக் குறிப்பில் செல்வதாஸ்

அத்தியாயம் 9

சிகரெட்டை விட்ட புருஷனைப் பற்றிப் பெருமை பேசாத பெண்டாட்டி உண்டா? ரெஜிலாவும் பேசினாள். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாள். அதுதான் இப்போது வினையாக வந்து நிற்கிறது.

பஹ்ரைனில் பதினாறு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன் செல்வதாஸ். ஒரு நாளைக்கு ஒன்றரைப் பாக்கெட் அவன் கணக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரெஜிலாவின் அண்ணன் ஷாஜன் தொண்டையில் புற்று வந்து இறந்தபோது, விடுப்பில் வந்திருந்த செல்வதாஸ் கல்லறைத் தோட்டத்தில் வைத்தே அவள் கையைப் பிடித்துச் சொன்னான், இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று. தொடவில்லை. அந்த வாக்கை அவன் இன்றுவரை மீறவில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வாள் ரெஜிலா.

ஆனால் சிகரெட் எழுந்துபோன நாற்காலியில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பஹ்ரைனில் தொழிலாளர் கேம்பில் கூடத் தங்கியிருந்த ஒருவன் கொடுத்த மின் சிகரெட். பேனா அளவுக்கு ஒரு வெள்ளிக் குழல். செல்போனைப் போல சார்ஜ் போட வேண்டும். உள்ளே மாம்பழ மணத்தில் ஒரு ஜூஸ் ஊற்ற வேண்டும். பட்டனை அமுக்கி உறிஞ்சினால் புகை புகையாக வரும். வேப் என்று அதற்குப் பேர். வீட்டில் எல்லோருக்கும் அது 'மெஷின்'.

சிகரெட்டிலாவது ஒரு ஒழுங்கு இருந்தது. முற்றத்துக்கு இறங்க வேண்டும், தீப்பெட்டி தேட வேண்டும், ஐந்து நிமிஷத்தில் அது தீர்ந்தும் போகும். இது தீர்வதே இல்லை. கண் விழித்ததும் தலையணைக்கு அடியில் கை போகும். பல் தேய்க்கப் போகும்போது ஒன்று, தேய்த்துவிட்டு வரும்போது ஒன்று. ஒருநாள் எத்தனை தடவைதான் இழுக்கிறான் என்று எண்ணிப் பார்க்க ரெஜிலா உட்கார்ந்தாள். காலை பத்து மணிக்குள் எண்பதைத் தாண்டியதும் எழுந்து துணி துவைக்கப் போய்விட்டாள்.

நான்கு மாதம் முன்பு செல்வதாஸ் வேலையை முடித்துக்கொண்டு புதுக்கடைப் பக்கத்திலிருக்கும் சொந்த ஊருக்கே வந்துவிட்டான். ஒரு பெட்டி நிறையக் கருவிகள் என்று சொல்லிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பூட்டி வைத்தான். மெஷினைக் காட்டி, "இது ஒண்ணுதான் உண்டு. இந்த ஜூஸ் தீந்தா இதும் தீந்து, கேட்டியா?" என்றான். ரெஜிலா நம்பினாள்.

பொய் வந்தது அதற்குப் பிறகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையின் பின்பக்கச் சுவரோரம் நின்று அவன் உறிஞ்சிக்கொண்டிருந்ததை எதிர்வீட்டு நேசபாய் பார்த்துவிட்டாள். பெண்கள் சங்கத்துச் செயலாளர். நாற்பது வயதிலிருந்து இழுப்பு நோய்க்காரி.

"என்ன சாதனம்லே அது?"

"சுவாசத்துக்குள்ள மெஷினாக்கும் அக்கா. நெஞ்சு ஒருமாதிரி அடைக்குது" என்றான் செல்வதாஸ், வாயில் வந்தபடி. பக்கத்தில் நின்ற ரெஜிலா வாயைத் திறக்கவில்லை. சிகரெட்டை விட்டுவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்ன வாய் அல்லவா, எப்படித் திறக்கும்?

ஒரே வாரத்தில் அவன் பேர் சபையின் நோயாளிகள் ஜெபக் குறிப்பில் ஏறிவிட்டது. போன ஞாயிறு போதகர் அதைச் சத்தமாக வாசித்தார். சகோதரர் செல்வதாஸ், சுவாசக் கோளாறு. சபையே கண்ணை மூடிற்று. செல்வதாஸ் மட்டும் திறந்த கண்ணோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதோடு விட்டார்களா? அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்குப் பெண்கள் சங்கம் வீட்டுக்கே வந்து ஜெபிக்கும் என்று வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமைதான் இன்று விடிந்திருக்கிறது.

நவம்பர் கடைசி. ஊரில் பாதி வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கிவிட்டது. ஜெபத்துக்கு ஆட்கள் வரும்போது நம் வீட்டிலும் ஒன்று தொங்கட்டும் என்று ரெஜிலா ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தாள். ஜரிகைத் தாளுக்கு நடுவில் கறுப்பாக ஒன்று கிடந்தது.

இன்னொரு மெஷின். முந்தையதைவிடத் தடிமன். பக்கத்தில் இரண்டு ஜூஸ் குப்பிகள்.

ஸ்டூலின் மேல் நின்றபடியே அவளுக்கு அழுகை வந்தது. மெஷினுக்காக இல்லை. ஒன்றுதான் உண்டு என்று சொன்ன அந்த முகத்துக்காக.

"என்னட்டி அங்கன ஏறி நிக்குத?" செல்வதாஸின் குரல் அடுத்த அறையிலிருந்து வந்தது.

"நட்சத்திரம் எடுக்கலாம்னு."

"அய்யோ, நீ ஏறாண்டாம். விழுந்து வைப்பே. நான் பொறவு எடுத்துத் தாறேன்."

இவ்வளவு அக்கறை எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு இப்போது தெரியும். குப்பிகளை அப்படியே விட்டாள். மெஷினை மட்டும் முந்தானையில் சுருட்டிக்கொண்டு, பெட்டியை மூடி வைத்துவிட்டு இறங்கினாள். சமையலறையில் கைக்கு முதலில் அகப்பட்டது அரிசிப் பானை. அதற்குள் ஆழமாகத் தள்ளினாள். அவர் வாயாலே சொல்லட்டும், பார்ப்போம் என்று முடிவு செய்தாள்.

"நட்சத்திரம் எங்கம்மா?" என்று கேட்டாள் ஜெமி. பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள்.

"நாளைக்குப் போடலாம்."

"எல்லா வீட்டுலயும் போட்டாச்சு. நம்ம வீட்டுல பிளக்குலதான் இடம் இல்லியே. எங்க பாத்தாலும் அப்பாவுக்க மெஷின் சார்ஜ் ஏறிட்டுக் கிடக்குது."

மத்தியானம் இலையப்பத்துக்குத் தேங்காய் துருவ செல்வதாஸே வந்து உட்கார்ந்தான். இந்த மனிதனிடம் இதுதான் கஷ்டம். மனம்விட்டுக் கோபப்படவும் விடமாட்டான். பதினாறு வருஷம் தனியாகக் கிடந்ததற்கெல்லாம் சேர்த்து இப்போது தேங்காய் துருவுகிறான், மீன் கழுவுகிறான், அவளுடைய பித்த வெடிப்புக்கு மருந்து தடவுகிறான். ஒரு முறி துருவி முடிப்பதற்குள் நாலு தடவை சட்டைப்பைக்குக் கை போயிற்று.

"இஞ்ச பாருங்க, நாலு மணிக்கு அவியெல்லாம் வருவாவ. ஒரு மணிக்கூர் அதத் தொடாம இருக்கணும்."

"ஒரு மணிக்கூர்தானே? பிளைட்டுல அஞ்சு மணிக்கூர் இருந்துட்டு வந்தவனாக்கும்."

"பிளைட்டுல பாத்ரூமுக்கு எத்தன தடவ போனீங்க?"

செல்வதாஸ் சிரட்டையை உற்றுப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சிரிக்காத ரெஜிலா. சிகரெட்ட விட்டப்பம் இவ்வளவு கஷ்டம் இல்ல. இது கையில இல்லேன்னா கையே எனக்கது இல்லாத மாதிரி இருக்குது. உறக்கத்துலயும் தேடுதேன்."

ரெஜிலாவின் கோபம் பாதி அங்கேயே கரைந்தது. மீதிப் பாதி அரிசிப் பானைக்குள் கிடந்தது. இப்போது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் அடுத்த முறியை எடுத்தான்.

நாலு மணிக்கு ஏழு பெண்கள் வந்தார்கள். ஏற்றம் ஏறி வந்ததில், சங்கத்திலேயே இளையவளான பேபிக்கே மூச்சு வாங்கியது. நேசபாய் எதிர்வீட்டிலிருந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று நெஞ்சைப் பிடித்தாள். இரண்டு நாளாகப் பனி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாயில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடினார்கள். பிறகு நேசபாய் முழங்காலில் நின்று ஜெபித்தாள்.

"ஆண்டவரே, அன்னிய தேசத்துல கிடந்து பாடுபட்டு வந்த பிள்ளையாக்கும். எனக்க நெஞ்சு கிடக்கட்டு, நான் பழகிப் போனேன். இவனுக்க நெஞ்சைத் திறந்து குடும்..."

சொல்லும்போதே அவளுக்கு விசில் போலச் சத்தம் வந்தது. செல்வதாஸின் வலது கை சட்டைப்பைக்கு மேலே போய் நின்று, திரும்பி, மறுபடி போயிற்று. நெற்றியில் வேர்த்திருந்தது. பார்த்தவர்கள் அதையும் நோய் என்றுதான் நினைத்தார்கள். பேபி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரெஜிலாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலாம் என்றிருந்தது.

ஆமென் சொல்லி, சாயாவும் இலையப்பமும் வந்தபோதுதான் அது நடந்தது. முதல் விள்ளலை வாயில் வைத்த நேசபாய்க்கு இருமல் பிடித்தது. இருமல் இழுப்பாக மாறியது. தோளிரண்டும் மேலே ஏற, வாயைத் திறந்து காற்றைத் தேடினாள்.

"மருந்துப் பம்பு எங்க அக்கா?" என்று கத்தினாள் ரெஜிலா.

"வீட்டுல... ஜன்னல்ல..."

ஜெமி ஏற்கெனவே படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். அதற்குள் நேசபாயின் கண் செல்வதாஸின் சட்டைப்பையில் நின்றது. வெள்ளிக் குழலின் முனை வெளியே தெரிந்தது.

"லே மக்கா... உனக்க மெஷின... தா. ஒரு இழுப்பு..."

"ஆமா, அது நல்லதாக்குமே, வெளிநாட்டுச் சாதனம்!" என்ற பேபி, கேட்காமலே அவன் பையிலிருந்து அதை உருவி நேசபாயின் கையில் கொடுத்துவிட்டாள். நேசபாய் பட்டனைத் தேடிக்கொண்டே வாய்க்குக் கொண்டுபோனாள்.

ரெஜிலா செல்வதாஸைப் பார்த்தாள். தப்பிக்க வழி இருந்தது. ரொம்பச் சுலபமான வழி.

"அக்கா, அதுல சார்ஜ்..." என்று ஆரம்பித்தான் செல்வதாஸ். நின்றான். பாய்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேண்டாம் அக்கா! அது மருந்து இல்ல. சிகரெட்டுக்குப் பதிலு குடிக்குததாக்கும். உள்ள போனா உங்களுக்குக் கூடிப்போவும். எனக்கு ஒரு நோவும் இல்ல. நான் பொய் பறஞ்சேன்."

நேசபாயின் மூச்சு மட்டும் விசிலடித்தது.

"நானும்தான் அக்கா" என்றாள் ரெஜிலா. "பக்கத்துல நின்னு மிண்டாம இருந்தேன்."

ஜெமி பம்போடு வந்து சேர்ந்தாள். நேசபாய் இரண்டு தடவை அடித்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். மூச்சு மெல்ல இறங்கியது. கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இது:

"அப்பம் நான் ரெண்டு வெள்ளிக்கிழம உபவாசம் இருந்தது?"

செல்வதாஸ் தலையைக் குனிந்தான்.

"பச்ச வெள்ளம் குடிக்காம இருந்தேம்லே! சுகர் உள்ள உடம்பாக்கும் இது!"

பேபிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நாளைக்கே பேர வெட்டச் சொல்லணும். சபைய ஏமாத்திப்போட்டு..."

"என்னத்துக்கு வெட்டணும்?" என்று நேசபாய் திரும்பினாள். "கோளாறு உண்டும்லா? காலத்தே எழும்பி அந்தி வரைக்கும் கையில இருந்து இத விட முடியல்லன்னா அது சுகக்கேடு இல்லியா? பேரு கிடக்கட்டு. நோய மட்டும் மாத்திச் சொல்லணும்."

பிறகு தன் கையிலிருந்த மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். "கொள்ளாம், மாம்பழமாக்கும்" என்றாள். எல்லோரும் பார்க்க அதைத் தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது எனக்க வீட்டுல இருக்கும். வேணும்னா வந்து கேளு. நான் தருவேன், மாட்டேன்னு சொல்லமாட்டேன். தெங்கு மூட்டுல நின்னு இழுத்துட்டு எனக்க கையில திரும்பத் தந்துட்டுப் போணும்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ வரலாம் அக்கா?" செல்வதாஸ் கேட்ட விதத்தில் ஜெமிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வெக்கமில்லாம எத்தன தடவ வர முடியுமோ, அத்தன தடவ."

பெண்கள் எல்லோரும் போன பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டே ஜெமி கேட்டாள். கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தாள் என்பதையும் ரெஜிலா கவனித்தாள்.

"அப்பா, அது ஒண்ணுதானே உண்டு?"

ரெஜிலா கையிலிருந்த தம்ளர்களை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுதான் மக்களே."

இவ்வளவு பேர் நடுவில் உண்மையைச் சொன்ன அதே வாய். சாயாச் சூடுகூட ஆறியிருக்காது. ரெஜிலாவுக்கு மனசு விட்டுப்போயிற்று. "ஜெமி, கஞ்சிக்கு அரிசி போடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரங்களோடு முன்முற்றத்துக் குழாயடிக்குப் போனாள். நிறைய நேரம் தேய்த்தாள். சுத்தமாக இருந்த பாத்திரத்தையும் தேய்த்தாள்.

அங்கிருந்து பார்த்தால் நேசபாயின் முற்றம் தெரியும். செல்வதாஸ் முதல் தடவை போனது ஐந்தே காலுக்கு. தென்னை மூட்டில் நின்று இழுத்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டாவது தடவை ஐந்தே முக்காலுக்கு. மூன்றாவது தடவை போனபோது நேசபாய் குளித்துக்கொண்டிருந்தாள். கோழிக்கூட்டுப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, அடுப்பில் பால் வைத்துவிட்டு மறந்தவன் போலத் தவித்துக்கொண்டு நின்றான். இருபது நிமிஷம் நின்றான். நாலாவது தடவை பாதி முற்றம் வரை போய், நின்று, திரும்பி வந்துவிட்டான்.

அதைப் பார்த்தபோது ரெஜிலாவுக்கு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எண்பது இருந்த இடத்தில் மூன்று. ஆனால் அந்தக் கறுப்பு மெஷினைப் பற்றி அவன் இன்னும் சொல்லவில்லை.

ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். தன் முறை வந்தும் ஜெமி ஜெபிக்கவில்லை. முடிந்ததும் படிக்கப் போகிறேன் என்று தன் அறைக்குப் போய்விட்டாள். ரெஜிலா கஞ்சி இறக்கிக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அட்டைப்பெட்டி நகரும் சத்தம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

சத்தம் நின்றது. மறுபடி கேட்டது. இந்தத் தடவை அவசரமாகத் தேடும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து செல்வதாஸ் சமையலறை வாசலில் வந்து நின்றான். தலைமுடியில் ஜரிகைத் தாள் ஒட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"ரெஜிலா, நீ என்னைய அடிச்சாலும் சரி. இன்னொண்ணு உண்டு. நட்சத்திரப் பெட்டியில வச்சிருந்தேன்."

அவள் திரும்பவில்லை.

"அத எடுத்து இழுக்கத்தான் இப்பம் ஏறினேன். பொய் சொல்லல்ல. ஆனா அங்க காணல. ஜெமி காலத்தே நட்சத்திரம் நட்சத்திரம்னு கேட்டுட்டு நடந்தா பாரு... அவ எடுத்திருப்பாளோ? எடுத்து வாயில வச்சிருந்தா? எனக்க பிள்ள, ரெஜிலா..." அவன் குரல் உடைந்தது. "எனக்கு அது வேண்டாம். அவகிட்ட இருந்து எப்படியெங்கிலும் வாங்கிரு."

ரெஜிலா கரண்டியை வைத்தாள். அவன் தலையிலிருந்த ஜரிகையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் இது காலையில் வந்த அழுகை இல்லை.

"நான்தான் எடுத்தேன். காலத்தேயே."

"நீயா? அப்பம் நாள் முழுக்க மிண்டாம இருந்தியா?"

"நீங்க சொல்லுவீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"தெரியல்ல. சொல்லிட்டீங்கல்லா, இனி அத என்னத்துக்கு யோசிக்கணும்?" என்று அவன் தோளில் நெற்றியை வைத்தாள்.

"எங்க வச்சிருக்க? எனக்குத் தரண்டாம். தெரிஞ்சா போதும்" என்றான்.

"அரிசிப் பானையில."

சொன்ன நிமிஷமே அவளுக்கு உறைத்தது. பானையின் மூடியைத் தூக்கினாள். முழங்கை வரை கையை விட்டாள். துழாவினாள். அரிசியைத் தவிர ஒன்றும் இல்லை. அடுப்புத் திட்டில் கஞ்சி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கஞ்சிக்கு அரிசி எடுத்தது யார்?

"அம்மா."

ஜெமி கதவோரத்தில் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நீட்டிய உள்ளங்கையில் கறுப்பு மெஷின் இருந்தது. இடுக்கில் இரண்டு அரிசிமணி சிக்கியிருந்தது.

"நான் இழுக்கல்ல அப்பா. பயப்படாண்டாம்."

அதை வாங்க நீண்ட கையைச் செல்வதாஸ் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அம்மாட்ட சொன்னதக் கேட்டேன்" என்றாள் ஜெமி. "எனக்கிட்டயும் இப்பம் சொல்லணும். சாயங்காலம் கேட்டத இன்னொருக்கக் கேக்கட்டா? இனி வேற உண்டா?"

சட்டென்று பதில் வரும் என்று ரெஜிலா எதிர்பார்த்தாள். இல்லை மக்களே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? செல்வதாஸ் மகளின் முகத்தையே பார்த்தான். வேட்டி மடிப்பில் கை விட்டு, நான்கு மாதமாக யாரிடமும் கொடுக்காத அந்தச் சின்னச் சாவியை எடுத்து ஜெமியின் உள்ளங்கையில், மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நீயே திறந்து பாரு மக்களே. நான் சொன்னா இனி நீ நம்பாண்டாம்."

ஜெமி நகரவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை ரெஜிலாதான் இழுத்தாள். கருவிகள் இருக்கும் பெட்டி கனமாகத்தானே இருக்க வேண்டும்? அது ஒற்றைக் கைக்கே லேசாக வந்தது. இழுத்த வேகத்தில் உள்ளே குப்பிகள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது.